20 பிபிஎம் விருந்து

நான்சி, பிரான்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, "உருளைக்கிழங்கைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதை நீ அம்மாவிடம் சொல்ல, அம்மா எதிர்வீட்டில் சொல்ல, 'குவாலிட்டி வேலைன்னு பிரான்ஸுக்குக் கூட்டிட்டுப் போய் பையனைக் கிழங்கு பிழிய விட்டுட்டாங்களாம்' என்று ஏரிக்கரை வரைக்கும் சேதி போய்விட்டதாக மாமா வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். வேலை பத்திரமாக இருக்கிறது. கிழங்கைப் பிழிந்தது நானாக விரும்பித்தான். முழுசாகச் சொன்னால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும், அதனால்தான் இந்தக் கடிதம்.

மேல்வீட்டு அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். ரிட்டயர்டு டீச்சர். நான் வந்த புதிதில் தபாலில் வரும் அரசாங்கக் காகிதங்களை எல்லாம் படித்துச் சொல்லி, எங்கே கையெழுத்து போடணும் என்று விரல் வைத்துக் காட்டியவர். அவ்வளவு செய்தவரை ஒருவேளை சாப்பிடக் கூப்பிடாமல் இருந்தால் நம்ம ஊரில் என்ன சொல்வார்கள்? கூப்பிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். மாடிப்படி ஏறப் போனவர் திரும்பி, "எனக்குக் கோதுமை ஆகாது, அதை மட்டும் பார்த்துக்கொள்" என்றார்.

ஆகாது என்றால், மாமாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று சொல்லிக்கொண்டே கல்யாண வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் மூன்று முறை வாங்கிக்கொள்கிறாரே, அந்த ஆகாது இல்லை. இதற்கு செலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி, கம்புக்கு உறவில்லாத 'ரை' என்று ஒரு குளிர்நாட்டுத் தானியம், இந்த மூன்றிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் காவல்படை சொந்தச் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சுகிற குடல் உறிஞ்சிகள் மழுங்கிப் போகும். மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். இதைக் கண்டுபிடித்த கதையும் சோகமானது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம். ஜனங்கள் துலிப் பூக் கிழங்கைத் தின்றார்கள். ஊரே இளைத்தபோது, இந்த வியாதி இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் படுத்துவிட்டார்கள். டிக்கே என்ற குழந்தை வைத்தியருக்குக் கோதுமை மேல் ஏற்கெனவே சந்தேகம். அது உறுதியாகி, 1950-இல் ஆராய்ச்சிப் புத்தகமாகவே எழுதிவிட்டார். வட இந்தியாவில் இந்த வியாதி கணிசமாக உண்டு. தெற்கே அபூர்வம், நாம் சோற்றுக்காரர்கள்.

அந்தச் சோற்றுக்காரத் திமிர்தான் எனக்கும் முதலில் வந்தது. கோதுமை இல்லாமல் சமைக்க நமக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? இட்லி, சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல், ரசம், தயிர்சாதம். இலை போட்டால் ஐரோப்பாவே எழுந்து நிற்கும் என்று பட்டியல் எழுதி, ஒரு ஜாக்கிரதைக்காக டப்பாக்களின் பின்பக்கத்தைப் படிக்கலாம் என்று எடுத்தேன்.

பெருங்காயம்! அக்கா, நீ கட்டிக் கொடுத்து அனுப்பினாயே அந்தப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறது. எந்தக் கம்பெனி என்பதில் விசேஷம் இல்லை, கூட்டுப் பெருங்காயம் என்றாலே பெரும்பாலும் அப்படித்தான். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் வேரைக் கீறி எடுக்கிற பால் அது. அப்படியே போட்டால் காரமும் நாற்றமும் தாங்காது. அதனால் கருவேலம் பிசின் மாதிரி ஒரு பிசினையும் மைதாவையும் கலந்து அடக்குகிறார்கள். சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள், அது தப்பித்தது. ஆக, ஒரு சிட்டிகையில் என் சாம்பார் போச்சு, ரசம் போச்சு. அம்மா அனுப்பிய முறுக்கு போச்சு. சாயங்காலம் ஒரு வாய் கொடுக்கலாம் என்று வைத்திருந்த ஹார்லிக்ஸில் கோதுமையும் இருக்கிறது, பார்லியும் இருக்கிறது. நூற்றாண்டுக்கணக்காய் அரிசியைத் தின்றுவிட்டு, கோதுமையை வாசனைப் பொருளுக்குள் ஒளித்து வைத்திருக்கிற ஒரே ஜாதி நாமாகத்தான் இருப்போம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று பார்த்தேன். ஐரோப்பாவில் ஒரு டப்பாவில் 'குளூட்டன் இல்லை' என்று எழுதவேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம்ம நாட்டுச் சட்டமும் அதே அளவுதான். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் என்ன? பத்து லட்சத்துக்கு 20. 20 பிபிஎம்!

மாமாவிடம் இதைச் சொல், அவர் மட்டும்தான் என் புல்லரிப்பைப் புரிந்துகொள்வார். ஒரகடத்தில் ராத்திரி ஷிப்டில் நான் தூங்காமல் துரத்திய எண் அதுதானே! பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை ரிஜெக்‌ஷன் என்று கஸ்டமர் கேட்பான். மூன்று இலக்கத்தில் இருந்தால் மீட்டிங், இரண்டு இலக்கத்துக்கு வந்தால் கேக். அந்த ஒழுக்கத்தை ஒரு வயதான டீச்சரின் வயிற்றுக்காகச் செய்யவேண்டி வரும் என்று எந்த ஆடிட்டரும் சொல்லித் தரவில்லை. உடனே சமையலறையை லைன் மாதிரி நிறுத்தினேன். சப்பாத்தி சுட்ட தவா, மரக்கரண்டி, வெட்டுப்பலகை, சல்லடை எல்லாம் மூட்டை கட்டி பால்கனிக்குப் போயின. மரமும் சல்லடைக் கண்ணும் மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. பாத்திரம் தேய்க்க நார் புதுசு, துடைக்கத் துணி புதுசு. பாட்டி சொல்லுமே, அந்தக் காலத்து மடி வீடுகளில் வந்தவரைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று? கிட்டத்தட்ட அதே ஆசாரம்தான் என் வீட்டிலும் நடந்தது. ஆனால் அது வந்தவரிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற. இது வீட்டிடமிருந்து வந்தவரைக் காப்பாற்ற. பாட்டி இருந்திருந்தால் இதை ரசித்துச் சிரித்திருக்கும்.

இப்போது என்ன சமைப்பது? அவரிடமே கேட்டேன். "இட்லியை இன்னொரு நாள் பார்க்கலாம். உனக்கு முடிந்தால் கீஷ்" என்றார்.

கீஷ் என்பது இந்த லொரேன் சீமையின் குலதெய்வம். மைதாவும் வெண்ணெயும் பிசைந்த பொரபொர ஓட்டைத் தட்டில் பரப்பி, அதற்குள் முட்டையும் கெட்டிப் பாலேடும் அடித்து ஊற்றி, ஓவனில் வேகவைத்து, துண்டு போட்டுத் தின்பார்கள். பேக்கரிக்குப் பேக்கரி கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பார்கள். வியாதி தெரிந்த நாளிலிருந்து டீச்சரம்மாவுக்கு அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இடம். குளூட்டன் இல்லாத மாவு கடையில் விற்கிறது, ஆனால் ஓடு மணலாக உதிர்கிறது என்று சலித்துக்கொண்டார். ஓட்டைக் கிழங்கிலேயே செய்துவிட்டால் என்ன? இங்கே பலரும் செய்கிற வழிதான். அதைப் பிடித்தேன்.

கிழங்கு வாங்குவதே இங்கே ஒரு படிப்பு. நம்ம படப்பை கடையில் ஊட்டிக் கிழங்கா மற்றதா, அதோடு கேள்வி முடிந்தது. இங்கே மூட்டை மேலேயே 'அவிக்க', 'மசிக்க', 'வறுக்க' என்று உத்தரவு அச்சடித்திருக்கும். ஓட்டுக்கு மாவுப் பாங்கான ஜாதி வேண்டும். 'பின்ட்ஜே' என்று ஒன்று எடுத்தேன். அதை நெதர்லாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நூறு வருஷத்துக்கு முன்னால் உருவாக்கி, தன் மாணவி பெயரையே வைத்தாராம். டீச்சரம்மாவிடம் சொன்னபோது, "என் மாணவர்களில் கிழங்குக்குப் பெயர் வைக்கத் தகுந்தவர்கள் நிறைய பேர் உண்டு" என்றார். இதே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கைக் கால்நடைத் தீனி என்று ஒதுக்கியவர்கள். பர்மான்தியே என்ற ராணுவ மருந்தாளர் பிரஷ்யாவில் போர்க் கைதியாகக் கிடந்து, அங்கே கிழங்கு தின்றே பிழைத்து வந்து, ஊரெல்லாம் பிரசாரம் செய்தார். 1772-இல் பாரிஸ் மருத்துவர்கள், தின்னலாம் என்று சம்மதித்தார்கள். பாரிஸில் அவர் சமாதிக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் பூ வைக்காமல் உருளைக்கிழங்கு வைத்துவிட்டு வருகிறார்கள். ஊட்டிக்குக் கிழங்கைக் கொண்டுவந்த சல்லிவன் துரைக்கு நாம் ஒரு பஜ்ஜிகூட வைத்ததில்லை.

சரி, பிழிந்த விஷயம். முக்கால் கிலோ கிழங்கைத் துருவி, உப்புப் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்து, புது மல் துணியில் கட்டி முறுக்கினேன். நீ கூப்பிட்டது அப்போதுதான். தண்ணீர் சொட்டுகிற வரைக்கும் விடக் கூடாது. ஈரம் இருந்தால் ஓவனுக்குள் அது ஆவியாகி, ஓடு மொறுமொறுப்பாகாமல் களியாகிவிடும். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதே அக்கா, அதில்தான் சூட்சுமம். பத்து நிமிஷம் தெளியவிட்டு மேலே இருப்பதை இறுத்தால், அடியில் வெள்ளை வெளேரென்று மாவு உட்கார்ந்திருக்கும். அதை வழித்துத் துருவலிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். கோதுமையில் குளூட்டன் செய்கிற ஒட்டுவேலையை இங்கே இந்த மாவு செய்கிறது: 60 டிகிரி தாண்டியதும் ஊதிப் பசையாகித் துருவலைப் பிணைத்துக்கொள்ளும். துணைக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, உருக்கின வெண்ணெய் இரண்டு கரண்டி. 26 சென்டிமீட்டர் தட்டில் பரப்பி, எவர்சில்வர் டம்ளரின் அடியால் அழுத்தி, ஓரத்துக்கும் ஏற்றினேன். அந்த டம்ளர் தாம்பரத்தில் வாங்கினது. சுவர் கட்டுவதற்கு அதைவிட நல்ல டூல் இந்த ஊர்க் கடைகளில் இல்லை. 210 டிகிரியில் ஓரம் நன்றாகச் சிவக்கிற வரைக்கும் வெறும் ஓடாகவே வேகவிட வேண்டும். அரை மணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் அடி நொசநொசத்துப் போகும்.

உள்ளே ஊற்றுவது என்ன என்பதில்தான் சண்டை. டீச்சரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து மேற்பார்வை பார்க்க ஆரம்பித்திருந்தார். சீஸ் கூடாது, போடுகிறவர்கள் பாரிஸ்காரர்கள். வெங்காயம் கூடாது, அது பக்கத்துச் சீமையான அல்சாஸின் கெட்ட பழக்கம். புகை போட்ட பன்றி இறைச்சி கட்டாயம். எனக்குப் பன்றி பழக்கமில்லை என்றேன். "அப்படியானால் இது லொரேன் கீஷ் ஆகாது" என்றார். "மேடம், ஓடே கிழங்கில் இருக்கிறது" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, லீக்ஸ் கீரைத்தண்டுக்கு அனுமதி கொடுத்தார். அதை வெண்ணெயில் வதக்கி, மூன்று முட்டை, 200 மில்லி பாலேடு, துளி ஜாதிக்காய், உன் குட்டி இடிகல்லில் தட்டின மிளகு எல்லாம் சேர்த்து ஊற்றி 180 டிகிரியில் வைத்தேன். நடுவில் லேசாகத் தளும்பும்போதே எடுத்துவிட வேண்டும், மீதியை அதன் சூடே பார்த்துக்கொள்ளும்.

ஆறுகிற நேரத்தில் ஊர்ப்பெருமை பேச்சு வந்தது. இந்த லொரேனுக்காக எத்தனை ராஜாக்கள் அடித்துக்கொண்டார்கள், போலந்து ராஜா ஸ்தனிஸ்லாஸ் பட்டம் போனபின் இங்கே பிரபுவாக வந்து ஊர் நடுவில் அந்த அழகான சதுக்கத்தைக் கட்டினது, 1766-இல் அவர் செத்ததும் சீமை பிரான்ஸோடு சேர்ந்தது, 1871-இல் ஜெர்மன்காரன் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொண்டது, எல்லாம் பாடம் எடுத்தார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? எங்கள் மணிமங்கலத்திலேயே ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மப் பல்லவன், காஞ்சி மேல் படையெடுத்து வந்த சாளுக்கியப் புலிகேசியை அடித்துத் துரத்தினான் என்றேன். "அப்புறம்?" என்றார். "642-இல் வாதாபிக்கே போய் அந்த ஊரைப் பிடித்துவிட்டான்" என்றேன். ஜெயித்த ஊர்க்காரன் என்று தெரிந்ததும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். உங்கள் ரெனோ காரைப் பக்கத்து ஒரகடத்தில் செய்கிறார்கள், உங்கள் செயின்ட் கோபைன் 2000-இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி உருக்குகிறது, நான் இங்கே உங்களுக்குக் கீஷ் செய்கிறேன் என்றேன்.

வெட்டினேன். ஓடு உடையவில்லை. துண்டு தட்டில் நிமிர்ந்து நின்றது. அவர் முதலில் சாப்பிடவில்லை. கத்தி முனையால் தூக்கி அடியைப் பார்த்தார், தட்டினார், டக்கென்று சத்தம் கேட்டது. இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்! அப்புறம் ஒரு வாய், இன்னொரு வாய், பேச்சில்லை. கடைசியில், "இது கீஷ் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டினார். மீதி இருந்ததை மறுநாளைக்கு என்று ஈயக் காகிதத்தில் சுற்றிக்கொண்டும் போனார். செவ்வாய்க்கிழமை வரை மாடியிலிருந்து எந்தப் புகாரும் இல்லை. புதன்கிழமை படிக்கட்டில் பார்த்தபோது, இட்லிக்கு எப்போது வரலாம் என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்குத்தான் உன் உதவி. இட்லிக்குப் பயமில்லை, உளுந்தும் அரிசியும் நானே ஊறப்போட்டு அரைப்பேன். மிக்ஸி ஜார் புதுசு வாங்கிவிட்டேன். சாம்பார்தான் பிரச்னை. பெருங்காயம் இல்லாமல் பூண்டைத் தட்டிப் போட்டால் ஒப்பேறுமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல். சாம்பார்ப் பொடி நீ மெஷினில் அரைத்து அனுப்பினது வேண்டாம்; நமக்கு முன்னால் யார் கோதுமை அரைத்தார்களோ. மிளகாயும் தனியாவும் முழுசாகவே அனுப்பு, நான் வறுத்து இடித்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல். ஏரி இந்த வருஷம் கலங்கல் போனதா என்றும் எழுது.

அன்புடன்,
தம்பி

பி.கு.: மாமா தாம்பரம் போனால் நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் கொஞ்சம் வாங்கச் சொல். மாவு எதுவும் கலக்காததுதானா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் எதற்கு இவ்வளவு விசாரணை என்று முறைத்தால், மாமா கம்பெனி ஐடி கார்டைக் காட்டி, சப்ளையர் ஆடிட் என்று சொல்லிவிடட்டும். பார்சலில் வேட்டியோடு சேர்த்து மட்டும் கட்டிவிடாதீர்கள். போன முறை வந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் லிப்டில் ஏறினபோது இரண்டு பேர் இறங்கிப் படியில் போனார்கள்.