இரண்டாவது இன்னிங்ஸ் வாழ்க!

ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர்களைக் குறை சொல்வது ஊரில் பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. டென்னிஸ் பந்தைக்கூட நேராகச் சந்திக்கத் தெரியாதவன், பத்தாயிரம் ரன் அடித்தவரின் நடத்தையை எடைபோடுகிறான். இந்த நன்றிகெட்ட வழக்கத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். மட்டையைக் கீழே வைத்த பிறகு நம் பேட்ஸ்மேன்கள் புரிந்திருக்கும் சாதனைகள், மட்டை பிடித்த காலத்துச் சாதனைகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றைப் பட்டியலிட்டுப் பாராட்ட ஆள் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

முதல் வணக்கம் பெரியவர் சுனில் கவாஸ்கருக்கு. 125 டெஸ்ட், 10,122 ரன், 34 சதம். ஹெல்மெட் இல்லாமல் வெஸ்ட் இண்டீஸ் வேகத்தை எதிர்த்து நின்றவர். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பொறுமையும் அப்படித்தான். 1975 உலகக் கோப்பையில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து 334 ரன் குவித்த அன்று, 60 ஓவரும் நின்று, 174 பந்தில் 36 ரன் எடுத்து, அவுட் ஆகாமலே திரும்பினார். தோற்றது அணிதான், அவர் அல்ல.

இந்த இரண்டு குணங்களும் வர்ணனை அறையில் எவ்வளவு பயன்படும் என்று பாருங்கள். 2008இல் கிரிக்கெட் வாரியமே கவாஸ்கரையும் ரவி சாஸ்திரியையும் வர்ணனைக்காக ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆளுக்கு ஆண்டுக்கு 3.6 கோடி ரூபாய் என்று பின்னர் செய்தி வந்தது. சம்பளம் தருகிறவரை எப்படி விமர்சிப்பார்கள் என்று சிலர் நச்சரித்தார்கள். என்ன அறியாமை! அணித் தேர்வு, வாரிய நிர்வாகம், நடுவர் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் டிஆர்எஸ் முறை ஆகிய மூன்றும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்துகள். தொட்டால் கேட்ச், விட்டால் அடுத்த தொடருக்கும் அழைப்பு. இளம் வர்ணனையாளர்கள் பார்த்துப் படிக்கவேண்டிய ஆட்டம் இது.

படிக்க மறுத்தவர்கள் கதியையும் சொல்கிறேன். இந்த மூன்றைப் பற்றியும் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால், 2013இல் இந்தியாவில் வர்ணனை செய்யும் வாய்ப்பையே வேண்டாம் என்றார் ஆஸ்திரேலியாவின் இயன் சாப்பல். பிழைக்கத் தெரியாத மனிதர். நம் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் அவசரப்பட்டு 2019இல் ரவீந்திர ஜடேஜாவைத் துண்டு துக்கடா ஆட்டக்காரர் என்று சொல்லிவைத்தார். 2020இல் வாரியத்தின் வர்ணனைக் குழுவில் அவர் பெயரைக் காணோம். சில மாதங்களில், இனி விதிமுறைப்படி நடந்துகொள்கிறேன் என்று வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பேசுவதற்குக் கூலி வாங்குவது யாரும் செய்கிற வேலை. எதைப் பேசாமலிருப்பது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் கலை.

கவாஸ்கரின் பொறுமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. உள்ளரங்க கிரிக்கெட் பயிற்சி மையம் அமைப்பதற்காக மும்பை பாந்த்ராவில் 1988இல் அவருக்கு அரசு நிலம் ஒதுக்கப்பட்டது. நாலு செங்கல் வைக்க இடம் கிடைத்தால் நாற்பது மாடி எழுப்புகிற ஊர் அது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மையம் எழும்பவே இல்லை. அரசியல்வாதிகள் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு, 2022இல் நிலத்தை அரசிடமே திருப்பித் தந்தார். லார்ட்ஸில் 60 ஓவர் நின்றதெல்லாம் இதற்கான வலைப்பயிற்சிதான் போலும். அந்த மையத்தில் ஆடியிருக்கக்கூடிய பையன்கள் ஆசாத் மைதானத்து வெயிலில் ஆடி வளர்ந்தார்கள். வெயில் உடம்புக்கு நல்லதுதானே!

பொதுவாழ்வுக்கு வருவோம். சச்சின் டெண்டுல்கர் 2012இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆறு ஆண்டுப் பதவிக்காலத்தில் அவருடைய வருகை, பத்து நாளைக்கு ஒரு நாள் என்கிற கணக்குக்குக்கூடத் தேறவில்லை. அவை இருக்கைகள் தேய்ந்து மக்கள் பணம் வீணாகக் கூடாது என்கிற அக்கறை! 2017 டிசம்பரில் விளையாடும் உரிமை பற்றிப் பேச எழுந்தார். எதிர்க்கட்சிக் கூச்சலில் பேச முடியவில்லை. மறுநாள் அந்த உரையை முகநூலில் வெளியிட்டார். நாடாளுமன்றப் பணியை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கொரோனாவுக்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர்தான். சம்பளமும் படியுமாகக் கிட்டத்தட்ட 90 லட்சம் ரூபாயைப் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆடாத மேட்சுக்குப் பணம் வாங்காத நேர்மை எத்தனை பேருக்கு வரும்?

கௌதம் கம்பீர் நியமனத்துக்குக் காத்திருக்கவில்லை. 2019இல் கிழக்கு டெல்லியில் நின்று ஜெயித்தே வந்தார். அந்த நவம்பரில் டெல்லிக் காற்று மூச்சை முட்டியது. அதைப் பற்றிப் பேச நாடாளுமன்றக் குழு கூடியபோது, உறுப்பினரான கம்பீர் இந்தூரில் டெஸ்ட் வர்ணனையில் இருந்தார். அங்கே ஜிலேபி சாப்பிடும் படம் வெளிவந்ததும், டெல்லியில் ‘காணவில்லை’ சுவரொட்டிகள் முளைத்தன. எவ்வளவு சின்னப் புத்தி! தொகுதி மக்கள் எல்லோரும் விஷக்காற்றைச் சுவாசிக்கும்போது, அவர்களுடைய பிரதிநிதியின் நுரையீரலாவது சுத்தமாக இருக்கட்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிற்பாடு ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு போடும் உணவகம் திறந்தவரும் அவர்தான்.

விக்கெட்டுகளுக்கு இடையே ஓடுவதில் சௌரவ் கங்குலி சோம்பேறி என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. 2019இல் அதைப் பொய்யாக்கினார். வங்காள கிரிக்கெட் சங்கத்தின் தலைவர், ஐபிஎல்லில் டெல்லி அணியின் ஆலோசகர், வாரியத்தின் கிரிக்கெட் ஆலோசனைக் குழு உறுப்பினர் என்று மூன்று முனைக்கும் ஓடினார். ஏப்ரலில் ஈடன் கார்டனில் கொல்கத்தாவும் டெல்லியும் மோதின. மைதானத்தை நடத்தும் சங்கத்தின் தலைவரே வந்த அணியின் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒரே ஆள் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தியாக நின்ற கல்யாணம், சண்டைக்கே இடமில்லை. ஆனாலும் சில ரசிகர்கள் புகார் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒரு பதவிதான் என்றார் வாரியத்தின் நெறிமுறை அதிகாரி டி.கே. ஜெயின். கங்குலியும் கட்டுப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஒரே ஒரு பதவியில் போய் அமர்ந்தார்: வாரியத் தலைவர்.

விவசாயிகளுக்கு ஆற்றிய தொண்டை மறந்தால் பாவம். பான் மசாலாவுக்குப் பேர்போன ஒரு பிராண்ட், அதே பெயரில் ஏலக்காயும் விற்கிறது. அதன் விளம்பரத்தில் கவாஸ்கரும் சேவாக்கும் தோன்றினார்கள். துணைக்கு ஆல்ரவுண்டர் கபில்தேவ். சேப்பாக்கத்தில் 319 அடித்த கையால் சேவாக் ஏலக்காயைக் கொண்டாடியதற்கு, போடிநாயக்கனூர் ஏல வியாபாரிகள் இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தவில்லை. மசாலாவை நேராக விற்க வந்தால் ஆயிரம் கேள்வி. ஏலக்காய்க்கு ஒரு கேள்வியும் இல்லை. பிராண்டின் பெயர் மட்டும் பையன்கள் மனதில் பதிந்தால் போதும், கடையில் எதைக் கேட்பது என்று அவர்களுக்கே தெரியும். அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் புகையிலை விளம்பரமே வேண்டாம் என்று ஒதுங்கிய சச்சினுக்கு இந்த நுட்பமெல்லாம் பிடிபடவில்லை.

இவ்வளவு பேரைப் பாராட்டிய பிறகு, ஒருவரைக் கண்டிக்காமல் விட்டால் நியாயமாகாது. ராகுல் திராவிட். இரட்டைப் பதவி கூடாது என்றதும், 2017இல் காசு கொழிக்கும் ஐபிஎல் வேலையை விட்டுவிட்டு, பத்தொன்பது வயதுக்குட்பட்ட பையன்களோடு போனவர். அந்தப் பையன்கள் 2018இல் உலகக் கோப்பையை வென்றதும் வாரியம் அவருக்கு 50 லட்சம், மற்றப் பயிற்சியாளர்களுக்கு 20 லட்சம் என்று அறிவித்தது. எல்லோருக்கும் சமமாகத் தாருங்கள் என்று கேட்டு, தன் பங்கை 25 லட்சமாகக் குறைத்துக்கொண்டார். பெங்களூரு பல்கலைக்கழகம் கொடுக்க வந்த கௌரவ டாக்டர் பட்டத்தையும், ஆராய்ச்சி செய்து வாங்கிக்கொள்கிறேன் என்று மறுத்தார். இப்படிப்பட்டவர்களால் மற்றவர்கள் பெயர் கெடுகிறது. வாரியம் உடனடியாக நடவடிக்கை எடுக்கவேண்டும்.

ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீரர்கள் அடித்த ரன்னுக்குக் கூலியும் கைதட்டலும் அன்றே கொடுத்து முடித்தாயிற்று. இன்று விற்பனைக்கு வந்திருப்பது அவர்கள் மேல் நீங்கள் வைத்த நம்பிக்கை. இனி இவர்களில் ஒருவர் திரையில் வந்து எதையாவது வாயில் போடச் சொன்னாலோ, பேசவேண்டியதைப் பேசாமல் விட்டாலோ, சம்பளம் தருவது யார் என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். கேட்டுவிட்டு, பழைய சதத்துக்கு இன்னொரு முறை கை தட்டுங்கள். அதற்கு அவர்கள் முழுத் தகுதி உள்ளவர்கள்.