பெட்டியின் மேல் சிரிக்கும் குடும்பத்தின் முகவரி கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
தலைமை நிர்வாகி அவர்கள்,
வீட்டுப் போட்டோ பிரிண்டர் பிரிவு.
(நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆரஞ்சு விளக்கு மினுக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த பெயர்தான்.)

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் பிரிண்டர் வந்த பெட்டியின் மேல் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், வெள்ளை சோபா. சின்னவள் கையில் பளபளவென்று ஒரு போட்டோ. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரிவித்தால் புண்ணியமாகப் போகும். தங்கள் மெஷின் அந்த வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. நேரில் போய், எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு வர ஆசை.

எங்கள் வீடு அப்படிப்பட்டது அல்ல. சென்னையில், உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும் தெருவில் இருக்கிறோம். வருஷத்துக்கு நாலைந்து விசேஷம் வரும். சீமந்தம், காதுகுத்து, ஊரிலிருந்து பெரியம்மா வந்தால் ஒரு குரூப் போட்டோ. அன்றைக்குத்தான் பிரிண்டர் மேல் போர்த்திய துணியை எடுப்போம். அதற்குள் மை பீய்ச்சும் ஹெட்டில் மை காய்ந்து, தலைமுடியைவிட மெல்லிய துளைகளில் பாதி அடைத்துப் போயிருக்கும்.

தங்கள் தொழில்நுட்பத்தைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். 1.5 பிகோலிட்டர் துளி என்று விளம்பரம் செய்தீர்கள். 1 மில்லி மையில் 100 கோடி பிகோலிட்டர். கணக்குப் போட்டால் ஒரு மில்லிக்கு 66 கோடித் துளிகள். வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் சேர்ந்த ஆறு மை மாடலில், நல்ல கிளாஸி பேப்பரில், எல்லாத் துளையும் திறந்திருக்கும் சுபதினத்தில், கன்னத்து நிழல்கூடப் பிசிறில்லாமல் இறங்குகிறது. அந்தச் சுபதினம் பஞ்சாங்கத்தில் போடப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

பெரியம்மா படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரக்குப் பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம். மெஜந்தா வரவில்லை. புடவை பாசி நிறத்தில் வந்தது. முகத்தில் மஞ்சள் காமாலை. குறுக்கே வரிவரியாக வெள்ளைக் கோடு. போதாததற்கு, போன் எடுக்கும் படம் 4:3, நாலுக்கு ஆறு பேப்பரோ 3:2. விளிம்பில்லாமல் அச்சிடச் சொன்னால் மெஷின் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளும். ஆக, பின்வரிசையில் நின்ற பெரியப்பா நெற்றியோடு முடிந்துவிட்டார். "உயிரோட இருக்கறவரை இப்படியா வெட்டுவாங்க?" என்றார் பெரியம்மா. தங்கள் வாடிக்கையாளர் சேவையில் இதற்கு ஒரு பதில் இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கையேட்டில் சொன்னபடி நாசில் செக் போட்டோம். ஒவ்வொரு நிறத்திலும் படிப்படியாக இறங்கும் குட்டிக் கோடுகள். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே அடைப்பு. வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு அறுந்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. தாளை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து வீடே சுற்றி நின்று பார்த்தது. இருக்கிறது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. கடைசியில் ஹெட் கிளீனிங். அதற்குப் பிறகு டீப் கிளீனிங். மெஜந்தா திரும்பி வந்தபோது மஞ்சள் தீர்ந்துவிட்டது. மஞ்சள் இல்லாவிட்டால் கறுப்பிலும் அச்சிட மாட்டேன் என்றது மெஷின். மகளின் ஹால் டிக்கெட்டில் மஞ்சள் எங்கே வருகிறது என்று கேட்டோம். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது.

கிளீனிங்கில் உறிஞ்சிய மை எங்கே போகிறது என்று பிறகுதான் விசாரித்தேன். மெஷினின் அடிவயிற்றில் ஒரு பஞ்சுப் பட்டை இருக்கிறது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய மையை அது குடித்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு குடித்தது என்று ஒரு கவுன்ட்டர் கணக்கு வைக்கிறது. கணக்கு நிரம்பிய அன்று மெஷின் வேலைநிறுத்தம். சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆல்பத்தைவிட அந்தப் பட்டையில்தான் நிறம் அதிகம்.

இத்தனை பக்கம் வரும் என்று கார்ட்ரிட்ஜில் போட்டிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ 24711 முறைப்படி எடுத்த எண். நிர்ணயித்த சில பக்கங்களைத் தொடர்ச்சியாக ஓட்டி எடுப்பார்கள். அதில் பெரும்பகுதி எழுத்தும் வெற்றிடமும். பேப்பர் முழுக்கப் பட்டுப்புடவை நிற்கும் போட்டோவுக்கு அது பொருந்தாது. மாதக்கணக்கில் தூங்கி எழுந்து, எழுந்ததும் மையால் வாய் கொப்பளிக்கும் மெஷினுக்கும் பொருந்தாது. எத்தனை மில்லி என்று தேடினேன். நிகர அளவு: ஒன்று, என்றிருந்தது. தேங்காயெண்ணெய் பாக்கெட்டில்கூட மில்லி போடுகிறார்கள், ஐயா.

ரிச்சி தெருவில் ஊசியால் மை ஏற்றித் தருகிறார்கள். அது தங்களுக்குப் பிடிக்காது; வாரன்டி போய்விடும் என்று மிரட்டல் வருகிறது. கொஞ்சம் தங்கள் தொழிலின் வம்சாவளியை நினைத்துப் பாருங்கள். 1977-இல் கேனன் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை இருந்த ஊசியின் முனையில் பட்டது; மை பீய்ச்சியடித்தது. பபிள் ஜெட் என்ற அச்சுமுறையின் பிறப்பு அதுதான். ஊசியில் பிறந்த தொழில் ஊசியைக் கண்டு முகம் சுளிக்கலாமா? கடைக்காரர்கள் பிரிண்டரில் குழாய் சொருகி, வெளியே மை பாட்டில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியாவில்தான், 2010-இல் எப்சன் டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் இறக்கியது. தெருக்கடைக்காரனும் சில நேரம் ஆராய்ச்சிப் பிரிவுதான்.

படம் நிலைக்குமா என்ற கவலையும் உண்டு. 2000-இல் வந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 மாடல்களின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. பத்து வருஷம் வெளிச்சத்தைத் தாங்கும் என்றார்கள். கிளாஸி பேப்பரில் அச்சிட்ட சில படங்கள் சீக்கிரமே நீலத்தை இழந்து ஆரஞ்சாகிவிட்டன. வெளிச்சத்துக்கு வாக்குக் கொடுத்தார்கள், காற்றிலிருந்த ஓசோன் வந்து தின்றுவிட்டது. கண்ணாடி போட்ட பிரேமுக்குள் வைத்தால் தப்பிக்கலாம். எங்கள் வீட்டுப் படங்களோ பீரோ கதவில் செருகி வைக்கப்படுபவை.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். கடைத்தெரு ஸ்டூடியோவில் பெரியம்மா படத்தைக் கொடுத்தேன். அரக்கு அரக்காகவே வந்தது. பெரியப்பாவுக்கு நெற்றியும் திரும்பக் கிடைத்தது. கெமிக்கல் போட்டுக் கழுவுகிற பழைய லேப் மெஷின் என்று நினைத்தால், அதுவும் மை பீய்ச்சுகிற ட்ரை லேப். தங்கள் ஜாதிதான். காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறது, மை காய நேரமில்லை. அப்படியானால் கோளாறு மெஷினில் இல்லை. அதை வருஷத்துக்கு நாலு விசேஷம் கொண்டாடும் வீட்டுக்கு, வீட்டுக்கென்றே செய்தது என்று சொல்லி விற்றதில் இருக்கிறது.

ஆகவே தாங்கள் தயவுசெய்து, பெட்டியில் மையை மில்லிக் கணக்கில் போட வேண்டும். நாலுக்கு ஆறு போட்டோ எத்தனை வரும் என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். அடிவயிற்றுப் பட்டையை நாங்களே கழற்றி மாட்டும்படி வைக்க வேண்டும். வாரம் ஒரு கலர் பக்கமாவது போடாவிட்டால் ஹெட் அடைக்கும் என்பதைக் கையேட்டின் உள்ளே ஒளிக்காமல், அந்தக் குடும்பத்தின் சிரிப்புக்கு நேர் கீழே அச்சிட வேண்டும்.

தங்கள் பதிலைத் தபாலிலேயே அனுப்பலாம். தங்கள் அலுவலகத்தில் எப்படியும் லேசர் பிரிண்டர்தானே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்