அண்ணாச்சிக்குப் பதினெட்டு நிமிடம்

தமிழ்நாட்டு மேடையில் 18 நிமிடத்துக்குள் பேசி முடித்தவர்கள் உண்டு. மின்தடை வந்த கூட்டங்களில். மற்றபடி தலைவர் அவர்களே, தாளாளர் அவர்களே, தாளாளரின் துணைவியார் அவர்களே என்று தொடங்கி ஒலி-ஒளி அமைத்தவர் வரைக்கும் வணங்கி முடிக்கவே அந்த நேரம் பத்தாது. அதற்குப் பிறகு 'நேரத்தின் அருமை கருதி' என்று ஒருவர் சொன்னால், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட மண்ணில்தான் எங்கள் கல்லூரி மாணவர்கள் டெட்எக்ஸ் நடத்தக் கிளம்பினார்கள். தமிழ் வாத்தியாருக்கு மேடை தெரியும் என்ற பழைய நம்பிக்கையில், பேச்சாளர் ஒருங்கிணைப்பை முதல்வர் என் தலையில் கட்டினார்.

டெட் என்பது 1984இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் ரிச்சர்ட் சால் உர்மனும் ஹாரி மார்க்ஸும் தொடங்கிய மாநாடு. முதல் மாநாட்டிலேயே குறுந்தகட்டைக் காட்டினார்கள், மண்டெல்பிராட் வந்து கணிதம் பேசினார், கையைச் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த மாநாடு நடக்க 1990 ஆகிவிட்டது. நம் ஊராக இருந்தால் அடுத்த வருடமே நகைக்கடை விளம்பரத்தோடு இரண்டாம் ஆண்டு விழா கொண்டாடியிருப்போம். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் உர்மன் எழுந்து வந்து பேச்சாளர் பக்கத்தில் நிற்பாராம். நாம் துண்டுச் சீட்டு அனுப்புவோம். அதை வாங்கிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

2009 முதல் யார் வேண்டுமானாலும் அவரவர் ஊரில் டெட்எக்ஸ் என்ற பெயரில் நடத்திக்கொள்ளலாம் என்று உரிமம் கொடுக்கிறார்கள். உரிமம் இலவசம், நிபந்தனைகள்தான் விலை. பேச்சு 18 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பேச்சாளருக்குப் பணம் கொடுக்கக் கூடாது, மேடையில் வியாபாரம் பேசக் கூடாது, கட்சி பேசக் கூடாது, மதம் பேசக் கூடாது. இதையெல்லாம் தாளாளர் பொறுத்துக்கொண்டார். உரிமம் வாங்கியவர் டெட் மாநாட்டுக்கு நேரில் போய் வராதவரை 100 பேருக்கு மேல் அரங்கில் உட்காரக் கூடாது என்றதும்தான் அவருக்கு மூச்சு வாங்கியது.

"நூறு பேரா? எம் பேத்தி காதுகுத்துல மாடிப்படியில நின்னு சாப்பிட்டவனே நூறு பேரு இருப்பான்."

பொன்னாடை கிடையாது, குத்துவிளக்கு கிடையாது, மேடையில் தலைவர்களுக்கு நாற்காலி கிடையாது என்று மாணவர் குழு தானாகச் சேர்த்துக்கொண்ட சட்டங்களை அவரிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. தாளாளர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் எங்க இருப்பேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வரிசையில் ஒரு சோபா போட்டோம்.

பேச்சாளர்களைச் செதுக்குவதற்கென்று ஒரு மாணவன் இருந்தான். இறுதியாண்டு இயந்திரவியல், வாழ்க்கையைப் பற்றி எல்லாம் தெரிந்தவன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஒத்திகைக்கு வந்திருந்தார். அவரிடம் போய், "உங்க கதையில ஒரு திருப்பம் வேணும்க்கா" என்றான்.

"என்ன திருப்பம் தம்பி? விடியமுன்ன போவோம், வெயில் ஏறுமுன்ன வாருவோம், வருவோம்."

"இல்லக்கா, எல்லாம் மாறிப்போன ஒரு நாள்?"

அக்கா யோசித்தார். "மழ பெஞ்ச நாளுதான். பாத்தியில கெடந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு."

நிகழ்ச்சியன்று அக்கா அவன் எழுதிக் கொடுத்த எதையும் சொல்லவில்லை. வாருபலகை எப்படிப் பிடிப்பது, உப்புத் தண்ணீரில் கால் எப்படி வெடிக்கும், வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை என்ன செய்யும், ஊரே மழைக்காகக் கும்பிடும்போது தாங்கள் மட்டும் எதற்காகக் கும்பிடுகிறார்கள் என்று சொன்னார். "அவ்வளவுதாம், வரட்டுமா?" என்று இறங்கிவிட்டார். எதிரே இருந்த கடிகாரத்தில் இன்னும் 11 நிமிடம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று திரைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் போட்டார்கள். ஒருவர் குறைவாகப் பேசிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் நிபந்தனைகளில் ஒன்றும் இல்லை.

அந்த நாளில் கேட்கும்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. இதில் எதிர்க்கட்சியும் உண்டு; நேர மேலாண்மை பற்றி 26 நிமிடம் பேசிய மனிதவள மேம்பாட்டு நிபுணர் அதன் தலைவர். கேட்டால், கென் ராபின்சனின் புகழ்பெற்ற டெட் பேச்சே 19 நிமிடத்தைத் தாண்டியதுதானே என்றார். உண்மைதான். மறுக்க முடியவில்லை.

வில்லிசை அண்ணாச்சியை அழைத்தது நான். நெல்லைப் பக்கம் அம்மன் கொடைகளில் விடிய விடியக் கதை சொல்கிறவர். 18 நிமிடம் என்றதும் சிரித்துவிட்டார். "காப்பு பாடணும். வருபொருள் சொல்லணும். குருவடி, அவையடக்கம், நாட்டுவளம். அப்புறந்தான் கதைக்கே வரணும். கடைசியில வாழி பாடாம எந்திரிக்கக் கூடாது. நீங்க சொல்லுத நேரத்துக்கு நான் வில்லத்தான் கட்டி முடிக்க முடியும்."

முத்துப்பட்டன் கதை என்று முடிவாயிற்று. அந்தணனாகப் பிறந்து, பொம்மக்கா திம்மக்காவைக் கண்டு மயங்கி, அவர்களுக்காகச் செருப்புத் தைக்கவும் துணிந்து, மாடு பிடிக்க வந்த கள்வரோடு மோதி மாண்டு, பட்டவராயனாகத் தெய்வமானவன். நம் செதுக்கும் தம்பி குறிப்பேட்டோடு வந்தான்.

"சூப்பர் அண்ணாச்சி. கடைசியில கேக்குறவங்க எதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்?"

"எடுத்துட்டுப் போறதா? சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனா பட்டவராயனுக்குச் செருப்புல்லா கொண்டு போய் வைக்கணும்!"

அவன் 'செருப்பு' என்று குறித்துக்கொண்டான்.

அடுத்த சிக்கல் சிவப்புக் கம்பளம். டெட் மேடை என்றால் வட்டக் கம்பளம். பேச்சாளர் அதைவிட்டு நகரக் கூடாது என்பது குழுவின் வைதிகம். வில்லே பத்தடி. அதோடு குடம், உடுக்கை, தாளம், கட்டை, ஐந்து ஆட்கள். வட்டத்துக்குள் அண்ணாச்சியின் வலது முழங்காலும் குடத்தில் பாதியும் அடங்கின. கன்னத்தில் ஒட்டும் மைக்கை அவருக்கு மாட்டியதும் வீசுகோலை ஒரு தடவை வில்லில் போட்டார். மணிகள் அத்தனையும் சேர்ந்து குலுங்கியதில் ஒலிப்பதிவுப் பையன் காதிலிருந்ததைக் கழற்றி எறிந்தான்.

18 நிமிடத்தில் பட்டன் பிறந்து, மயங்கி, மணந்து, மாண்டு, தெய்வமாகி, வாழியும் பாடியாயிற்று. தாளாளர் மட்டும் சோபாவில் முன்னுக்கு வந்து, "சாமி வர்ற நேரத்துல முடிச்சுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார்.

அடுத்து சிறுதானிய நூடுல்ஸ் செய்யும் இளம் தொழில்முனைவர். வில்லுக் குழுவினர் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு முதல் வரிசை ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நூடுல்ஸ் தம்பி மேடையில் இடப்பக்கம் மூன்று அடி, வலப்பக்கம் மூன்று அடி நடந்தார். கண்ணுக்குத் தெரியாத உருண்டை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தி, அரங்கத்தைப் பார்த்தார்.

"மூணு வருஷம் முன்னாடி, என் கம்பெனியை இழுத்து மூடினேன்."

"ஆமா!" என்றார் குடக்காரர்.

வேண்டுமென்று சொல்லவில்லை. நாற்பது வருடப் பழக்கம். முன்னால் ஒருத்தர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் அவர் வாய் தானாகத் திறக்கும். தம்பி திடுக்கிட்டுச் சமாளித்தார்.

"அப்பா கொடுத்த பணம் பூரா போச்சு."

"அட, போச்சே!"

அரங்கம் சிரித்தது. தாளாளர் சோபாவில் திரும்பிக் குடக்காரரைப் பார்த்தார், தடுப்பதற்காக அல்ல.

"அன்னிக்கு ராத்திரி நான் என்னையே ஒரு கேள்வி கேட்டேன். நான் தோத்துட்டேனா?"

"ஆமா!"

அதற்குப் பிறகு தம்பி உருண்டையைக் கீழே போட்டுவிட்டார். நடை நின்றது. மனப்பாட வசனம் போய்க் கோவில்பட்டிப் பேச்சு வந்தது. கடன்காரர் வீட்டுக்கு வந்தது, அம்மா வளையலை அடகு வைத்தது, முதல் பாக்கெட் நூடுல்ஸ் வேகாமல் பசையானது என்று ஒன்றொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் குடக்காரர் பக்கம் பார்த்து நின்றார். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபோது கள்வரைத் துரத்தும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

காணொளியைப் பதிவேற்றும்முன் குறுக்கே வந்த குரலை நீக்கலாமா என்று குழுவில் பெரிய விவாதம். செதுக்கும் தம்பி நீக்கியே ஆக வேண்டும் என்றான். அதற்குள் அந்தத் தொழில்முனைவர் எனக்கே போன் செய்துவிட்டார்.

"சார், அன்னிக்கு 'ஆமா' சொன்னாருல்ல, அவரு நம்பர் கிடைக்குமா? அடுத்த மாசம் கோயம்புத்தூர்ல முதலீட்டாளர் மீட்டிங் இருக்கு."

அண்ணாச்சியிடம் கேட்டேன். "அனுப்பி வைக்கலாம். ஆனா குடம் இல்லாம அவன் எங்கயும் போமாட்டான். வண்டி வாடகை தனியாத் தந்துரணும்னு சொல்லிருங்க."