வரப்பு நண்டும் குருணை மருந்தும்

அறந்தாங்கியில் இன்று நண்டு என்றால் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் வரும் கடல் நண்டுதான். சளிக்கு ரசம் வைக்கவும் அதையே வாங்குகிறார்கள். என் சின்ன வயதில் குழம்புக்கும் ரசத்துக்கும் வயல் நண்டுதான். நடவுக்குப் போன பெண்கள் சாயங்காலம் தூக்குவாளியில் கொஞ்சம் போட்டுக்கொண்டு வருவார்கள். ஏழை வீட்டுக் கவிச்சி என்று நிலக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதனால் நண்டைப் பற்றிய அறிவும் நடவுக்காரர்களிடமே தங்கியது.

என் அப்பாயி வரப்பில் நடந்துகொண்டே வளை பார்ப்பார். வாயில் ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிடந்தால் உள்ளே நண்டு உண்டு. மண் காய்ந்து சிலந்தி வலை கட்டியிருந்தால் காலி. உருண்டையே இல்லாமல் வாய் வழவழவென்று தேய்ந்திருந்தால் கை வைக்க விடமாட்டார். பாம்போ எலியோ குடியிருக்கலாம். ஆழமான வளை என்றால் சேற்றைப் பிசைந்து வாயை இறுக அடைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து சேற்றைப் பெயர்த்தால், மூச்சு முட்டிய நண்டு வாசலுக்கே வந்து நிற்கும். பின்பக்கமாக ஓட்டோடு சேர்த்துப் பிடித்தால் கொடுக்கு எட்டாது.

பிடித்ததும் புரட்டிப் பார்ப்பார். அடிவயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். பெண்ணின் மடிப்புக்குள் முட்டையோ குஞ்சோ இருந்தால் வாய்க்காலில் விட்டுவிடுவார். தாய் செத்துத்தான் நண்டுக்குஞ்சு பிறக்கும் என்ற நம்பிக்கை, ஐங்குறுநூற்றில் நண்டைப் பாடும் கள்வன் பத்திலேயே இருக்கிறது. ஆனால் குஞ்சுகளைச் சுமந்தபடி உயிரோடு நடக்கும் தாயை நடவுக்காரிகள் கண்ணால் பார்த்தவர்கள். கடல் நண்டின் முட்டையிலிருந்து வருவது நண்டின் சாயலே இல்லாத, நீரில் மிதக்கும் லார்வா. நன்னீர் நண்டோ அந்தப் பருவங்களை முட்டைக்குள்ளேயே முடித்துக்கொண்டு குட்டி நண்டாகவே வெளியே வருகிறது. கடலில் மிதந்து பரவுவதுபோல வேறெங்கிருந்தோ குஞ்சு வந்து சேர வழியில்லை. ஒரு தாயை விட்டுவைப்பது அந்த வயலுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

ரசத்துக்கு நண்டை உரலில் இடித்துப் பிழிந்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நெடுநேரம் கொதிக்க வைப்பார். அரைவேக்காடு கூடவே கூடாது. நன்னீர் நண்டில் நுரையீரல் புழு இருக்கக்கூடும். மணிப்பூரில் சரியாக வேகாத நண்டைத் தின்றவர்களுக்குக் காசநோய் போலவே இருமலும் ரத்தச்சளியும் வந்திருக்கின்றன.

நண்டால் தொல்லையும் உண்டு. இளநாற்றைக் கத்தரித்துப்போடும், வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணீரை ஒழுகவிடும். 1934-ல் மேட்டூர் அணை வந்த காலத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் பக்கம். மேலே எல்லோரும் பாய்ச்சி மிஞ்சியதுதான் இங்கே வரும்; அதில் ஒழுகிப்போவதை யார் பொறுப்பார்கள்? அதனால்தான் வளைக்குள் குருணை மருந்து, அதாவது மணிமணியான பூச்சிக்கொல்லி, போடும் பழக்கம் வந்தது. அப்படிப்பட்ட குருணைகளில் ஒன்றான போரேட்டுக்கு 2018-ல் தடை ஆணை வந்து, 2020 டிசம்பர் 31-லிருந்து அதைப் பயன்படுத்துவதே குற்றமானது. ஆனால் குருணை என்ற பழக்கம் ஒரு ஆணையோடு போய்விடவில்லை.

மருந்து போட்ட வயலில் நண்டு தின்ன மக்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. தின்பது நின்றதும் பிடிப்பது நின்றது. பிடிப்பது நின்றதும் வளைக்கு மருந்தைத் தவிர வேறு வழியில்லை என்றானது. கூலி வாங்காமல், விஷம் வைக்காமல், வருஷம் முழுவதும் நண்டை அளவோடு வைத்திருந்தவர்கள் குழம்புக்காகப் பிடித்த அந்தப் பெண்களே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நடவுக்கு இயந்திரம் வந்துவிட்டது. வளை பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வேளாண் துறை நடத்தும் பயிற்சிகளில் அவர்களைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்காரவைக்க வேண்டும். நாற்று வேர்பிடிக்கும் வரை தினமும் காலையில் அவர்களில் ஒருவர் வரப்பைச் சுற்றி வரட்டும். குருணைக்குப் போகும் காசு அவருக்குக் கூலியாகப் போகட்டும்.