ஹோம் ஆபிஸ் சமூகத்துக்கு ஒரு தாழ்மையான மனு

லண்டன் மாநகரம், 2 மார்ஷம் தெருவில் எழுந்தருளியிருக்கும் பிரிட்டிஷ் உள்துறையாகிய ஹோம் ஆபிஸ் சமூகத்துக்கு, தமிழ் வாசகர்கள் முன்னிலையில் மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாவது:

மனுதாரர் தங்கள் நாட்டுக் குடியுரிமை கேட்டு வரவில்லை. ஆகவே இம்மனுவோடு கட்டணம் எதுவும் இணைக்கப்படவில்லை. பணம் வராத காகிதத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்குமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறார்.

விஷயம், தாங்கள் 2005 நவம்பர் முதல் நடத்திவரும் ‘லைஃப் இன் தி யுகே’ தேர்வைப் பற்றியது. 24 கேள்வி, 45 நிமிடம், தேறுவதற்கு 18 சரியான விடை, ஒரு தடவைக்கு 50 பவுண்ட். குடியுரிமைக்கு மட்டும் என்று தொடங்கிய தேர்வு, 2007 ஏப்ரல் முதல் நிரந்தரமாகத் தங்குவதற்கும் வேண்டும் என்றாயிற்று. 18 வயது நிரம்பாதவருக்கும் 65 வயதை எட்டியவருக்கும் விலக்கு. இதில் மனுதாரருக்கு ஆட்சேபணை கிடையாது. குடிவருகிறவருக்கு ஊர் நடப்பு தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமே. பெட்ரோல் பங்கில் இரவுப் பணி முடித்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, பேருந்தில் உட்கார்ந்து எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமார் பெயரை வரிசை பிசகாமல் உருப்போடுகிற ஈழத்துத் தாயைப் பார்க்கும்போது, ஒரு ராஜா இத்தனை கல்யாணம் செய்துகொண்டது வீண்போகவில்லை என்று தோன்றுகிறது.

அந்தத் தாய்க்குள்ள பாக்கியம் தங்கள் பிரதமர்களுக்கு வாய்க்கவில்லை என்பதுதான் மனுதாரரின் முதல் குறை. 2012 செப்டம்பரில் டேவிட் கேமரன் நியூயார்க்கில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். ‘ரூல் பிரிட்டானியா’வுக்கு இசையமைத்தவர் யார் என்று கேட்டார்கள். எல்கர் என்று குத்துமதிப்பாகச் சொன்னார். 1740இல் அதற்கு மெட்டுப் போட்டவர் தாமஸ் ஆர்ன். அடுத்து, மாக்னா கார்ட்டா என்றால் என்ன பொருள் என்று கேட்டார்கள். ஈட்டன் பள்ளியும் ஆக்ஸ்ஃபோர்டும் சேர்ந்து வளர்த்த அந்தப் பிள்ளை அதற்கும் விழித்தது. பிரதமர் என்பதால் அவருக்கு மறுதேர்வு இல்லை, ஐம்பது பவுண்டும் இல்லை. லண்டனுக்குத் திரும்பி, நாட்டை ஆளப் போய்விட்டார்.

அடுத்த ஆண்டே, 2013இல், அவருடைய அரசு தேர்வுக்கான பாடநூலின் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தது. தண்ணீர் மீட்டர், ரயில் நேர அட்டவணை, இன்டர்நெட் பயன்பாடு போன்ற சில்லறை விஷயங்களையெல்லாம் எடுத்துவிட்டோம் என்று அப்போதைய குடிவரவு அமைச்சர் மார்க் ஹார்ப்பர் பெருமையாக அறிவித்தார். குடிவந்த முதல் வாரத்தில் ஒருவருக்கு எது எது தேவைப்படுமோ அதையெல்லாம் பொறுக்கியெடுத்து அப்புறப்படுத்துவதற்கும் ஒரு தேர்ச்சி வேண்டும். டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாம் புரூக்ஸ் புதுப் பாடநூலை வரி வரியாகப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். அமெரிக்காவில் பிறந்து, இதே தேர்வை எழுதி பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர் அவர். அவர் கணக்கில் நூலில் சுமார் 3,000 தகவல்கள், அவற்றுள் 278 வரலாற்றுத் தேதிகள். ஆம்புலன்ஸ் கூப்பிடுவது எப்படி, குற்றம் நடந்தால் எப்படிப் புகார் கொடுப்பது, குடும்ப மருத்துவரிடம் எப்படிப் பதிவது என்பவற்றை இனித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லண்டன் ஐ ராட்டினத்தின் உயரம் மட்டும் தெரிந்தாக வேண்டும். 443 அடி. அங்கிருந்து யாராவது விழுந்தால் எந்த எண்ணை அழைப்பது என்பது பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது.

மதுக்கடை வினாடிவினாவிலும் மட்டமான ரகம் என்று புரூக்ஸ் இதைக் கேலி செய்தார். மனுதாரர் இங்கே தங்கள் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முந்தைய பதிப்பொன்றில், பப்பில் அடுத்தவர் கிளாஸைத் தவறித் தட்டிவிட்டால் புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்வது மரியாதை, புத்திசாலித்தனமும்கூட என்று ஓர் அறிவுரை இருந்தது. பத்திரிகைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. உண்மையில் அந்த நூல்வரிசையிலேயே ஒருவரைப் பல் உடைபடாமல் காப்பாற்றக்கூடிய வரி அதுதான்.

வரலாற்றுப் பகுதிக்கு வருவோம். அதில் நம்மூர்க்காரர் ஒருவருக்குத் தனியிடம் கிடைத்திருப்பதில் மனுதாரருக்கு மகிழ்ச்சி. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் இருந்து கரையேறிய ஷேக் தீன் முகமது, அயர்லாந்தில் ஜேன் டேலி என்ற பெண்ணோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு, 1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ‘ஹிந்துஸ்தானி காஃபி ஹவுஸ்’ தொடங்கினார். நம் தலைமசாஜை அங்கே ஷாம்பூவாகப் பரப்பியவரும் அவரே. 1812இல் அவர் கடை திவாலானது. மற்றவர் ஊரில் வியாபாரம் செய்யப் போய் நஷ்டப்பட்டுத் திரும்பும் வழக்கம் கம்பெனிக்கு இல்லாததால், அதன் கதை வேறு மாதிரி முடிந்தது.

எப்படி முடிந்தது என்பதைப் பாடநூல் அழகாகச் சொல்கிறது: சாம்ராஜ்யம் காமன்வெல்த்தாக மாறியது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்ததாம். அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். இந்தியாவுக்கு அதுவரை வந்தேயிராத சிரில் ராட்கிளிஃப் என்ற வழக்கறிஞருக்கு, பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளக்க 1947இல் ஐந்தே வாரம் கொடுத்தார்கள். சுதந்திரம் ஆகஸ்ட் 15. எல்லைக்கோடு வெளியானது ஆகஸ்ட் 17. நடுவில் இரண்டு நாள், தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் கோடிக்கணக்கானோர் தூங்கி எழுந்தார்கள்.

இலங்கையில் அதைவிட ஒழுங்கு. தேயிலைக்காகத் தென் தமிழகத்திலிருந்து கொண்டுபோய் மலையில் ஏற்றப்பட்டவர்களின் வம்சத்தார், 1948 குடியுரிமைச் சட்டத்தால் சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். ஏழு லட்சம் பேர்வரை என்பார்கள். சிறுபான்மையினருக்குப் பாரபட்சம் காட்டும் சட்டம் செல்லாது என்று தாங்களே தந்த சோல்பரி அரசியலமைப்பில் ஒரு பிரிவு இருந்ததே என்று வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. பாரபட்சம் ஏதும் தெரியவில்லை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. குடியுரிமை என்றால் என்ன என்று மலையகத்து ஆட்களுக்கு யாரும் தேர்வு வைக்கத் தேவையில்லை. அவர்கள் அதை இல்லாமலே கற்றவர்கள்.

கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு 19.9 மில்லியன் பவுண்ட் கொடுத்து வருத்தம் தெரிவிப்பதாக வெளியுறவுச் செயலர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அது 2013 ஜூன். ‘ஒழுங்காக நடந்தது’ என்ற பாடநூல் அதே ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஹேக் அந்தத் தேர்வை எழுதியிருந்தால் ஒரு மதிப்பெண் போயிருக்கும்.

அடிமை முறை பிரிட்டனுக்குள் சட்டவிரோதமாகவே இருந்தது என்றும் அந்நூல் எழுதியது. 2020 ஜூலையில் வரலாற்றாய்வாளர்கள் 180 பேருக்கு மேல் கையெழுத்திட்டு, இதெல்லாம் தவறு, திருத்துங்கள் என்று தங்களுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1833 சட்டத்தால் அடிமைகளை விடுவித்தபோது நஷ்டஈடாக 20 மில்லியன் பவுண்ட் போனது அடிமைகளுக்கல்ல, எஜமானர்களுக்கு. அதற்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் அடைபட்டது என்று தங்கள் கருவூலத்துறையே பின்னர் சொன்னது. ஜமைக்காவிலிருந்து வந்து, லண்டனில் பஸ் ஓட்டி வரி கட்டியவர், தன் கொள்ளுப்பாட்டனை வைத்திருந்தவனுக்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார். பகிரப்பட்ட விழுமியம் என்று பாடநூல் சொல்வது இப்படி எல்லோரும் சேர்ந்து சுமப்பதைத்தான் போலும்.

இனி மனுவின் சாரம். 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டிஷ் பிரஜைகளாகவே வந்திறங்கிய விண்ட்ரஷ் தலைமுறையிடம், நீங்கள் வந்ததற்கு என்ன ஆதாரம் என்று தாங்கள் கேட்டீர்கள். ஆதாரமாகியிருக்கக்கூடிய தரையிறங்கல் அட்டைகளை 2010இல் தங்கள் அலுவலகமே அழித்திருந்தது. வேலை போனது, வைத்தியம் மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018 ஏப்ரலில் விஷயம் வெடித்தபோது, ஆட்களை வெளியேற்ற இலக்கு எதுவும் கிடையாது என்று உள்துறைச் செயலர் ஆம்பர் ரட் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். இருந்தது என்று காகிதம் வெளியே வந்ததும் பதவி விலகினார். தன் அலுவலகத்தைப் பற்றிய ஒற்றைக் கேள்வியிலேயே அவர் தேர்வு முடிந்துவிட்டது.

இதையெல்லாம் விசாரித்த வெண்டி வில்லியம்ஸ், 2020 மார்ச்சில் தந்த அறிக்கையில் ஒரு பரிந்துரை செய்தார்: உள்துறை ஊழியர்கள் எல்லோரும், பழையவர் புதியவர் பேதமின்றி, பிரிட்டனின் வரலாற்றையும் காலனி ஆட்சியையும் குடிபெயர்வின் கதையையும் படிக்க வேண்டும். உலகத்தாரைச் சரித்திரத் தேர்வு எழுத வைக்கும் அலுவலகம், சரித்திரப் பாடத்துக்கு டியூஷன் போகச் சொல்லப்பட்டது. தாங்களும் மறுக்கவில்லை. ஒரு வரலாற்றாசிரியரை வைத்து விண்ட்ரஷ் விவகாரத்தின் வேர்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதவைத்தீர்கள். 1962, 1968, 1971 ஆண்டுகளின் குடிவரவுச் சட்டங்கள் வெள்ளையரல்லாதவர் தொகையைக் குறைக்கவே வகுக்கப்பட்டவை என்று அது எழுதிவிட்டது. உடனே அதைப் பூட்டிவைத்தீர்கள். தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு 2024 செப்டம்பரில்தான் அது வெளிச்சம் கண்டது. வாசிக்கக் கொடுத்த பாடப்புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டும் மாணவனை நம்மூர் வாத்தியார் என்ன செய்வார் என்பதை மனுதாரர் இங்கே விவரிக்கவில்லை.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். குழந்தையொன்றைப் பிரஜையாகப் பதியத் தாங்கள் 1,012 பவுண்ட் வாங்கிய காலத்தில், அந்த வேலைக்கு ஆகும் செலவு 372 பவுண்ட் என்று தங்கள் கணக்கே சொன்னது. இது பெரிய தொகைதான் என்று 2018இல் உள்துறைச் செயலராக இருந்த சாஜித் ஜாவித்தே ஒப்புக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், வாங்குவது சட்டப்படி செல்லும் என்று 2022இல் முடிந்தது. சட்டத்தின் ஆட்சி, ஜனநாயகம், தனிமனித சுதந்திரம், சகிப்பு, சமூக வாழ்வில் பங்கேற்பு என்று ஐந்து விழுமியங்களைப் பாடநூல் அடுக்குகிறது. ஆறாவதாக மீதிச் சில்லறை இருக்க வேண்டுமோ என்று மனுதாரருக்குச் சந்தேகம்.

எனவே மனுதாரர் கோருவது: தங்கள் அமைச்சர்களும் அதிகாரிகளும் பதவியேற்கும் முன் இதே தேர்வை எழுத வேண்டும். 24 கேள்வி, 45 நிமிடம், சலுகை கூடாது. வினாத்தாளில் மட்டும் சிறு மாற்றம். ராட்டினத்தின் உயரத்துக்குப் பதிலாக, ராட்கிளிஃப் எத்தனை தடவை டெல்லி பார்த்திருந்தார் என்று கேட்கலாம். மலையகத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்பது எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்கலாம். 372ஐ 1,012இலிருந்து கழிக்கச் சொல்லலாம். ஆம்புலன்ஸுக்கு எந்த எண் என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். கட்டணம் 50 பவுண்ட், சொந்தப் பையிலிருந்து. தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி பணம் கட்டி எழுதலாம். அடையாளத்துக்கு அசல் ஆவணம் கொண்டுவராதவரை உள்ளே விடக்கூடாது. 2010க்கு முந்தைய தரையிறங்கல் அட்டை யாரிடமாவது இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மனுதாரர்