சிறுநீரகம் போட்ட தொப்பி

கேள்வி: மூன்று வகைக் குளிசை போட்டும் பிரஷர் 160க்குக் கீழே இறங்கவில்லை. "எல்லாம் உங்கட கோபம்தான்" என்கிறார் மனைவி. உண்மையா?
– சில்லறைக் கடைக்காரர், அக்குறணை

பதில்: உங்கள் மனைவியை முழுதாக மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கோபம் ஏற்றிவிடுகிற பிரஷர் கோபம் தணிந்ததும் இறங்கிவிடும். பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் தண்ணீர் ஏறும்போது அக்குறணை பஸாரில் யாருக்குத்தான் பிரஷர் ஏறாது? சேற்றைக் கழுவி முடித்து மாதக்கணக்கான பிறகும் 160இல் நின்றால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான். முதலில் குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறீர்களா, கருவாடும் அச்சாறும் எந்த அளவில் உள்ளே போகின்றன என்று பாருங்கள். அங்கே பழுதில்லை என்றால் அடுத்த சந்தேகம் அட்ரீனல் சுரப்பி மேல்.

இரண்டு சிறுநீரகங்களும் ஆளுக்கொரு தொப்பி போட்டிருக்கின்றன. அதுதான் இந்தச் சுரப்பி. ஒன்று நான்கைந்து கிராம்தான் தேறும். அங்கே சுரக்கும் அல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அளவு மீறிச் சுரந்தால் பிரஷர் ஏறும். மிச்சிகன் பல்கலைக்கழக டொக்டர் ஜெரோம் கொன் 1955இல் இதைத் தனி நோயாக எழுதினார். அவர் பார்த்த 34 வயதுப் பெண்ணுக்குச் சுரப்பியிலிருந்த கட்டியை எடுத்ததும் பிரஷரும் பொட்டாசியமும் சீராகின. குளிசைகளுக்கு மசியாத பிரஷர்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு வரை இந்தக் கோளாறு இருக்கலாம். இதைச் சொல்லி வீட்டில் கொஞ்சம் மரியாதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த ஹோர்மோன் ஏற்றினால் என்ன? குளிசையால் பிரஷரை இறக்கிவிட்டால் கதை முடிந்ததுதானே?
– மடவளை வாசகர்

பதில்: முடியவில்லை. வைத்திய உலகமும் பல காலம் உங்களைப் போலத்தான் நினைத்தது. 2005இல் பாரிஸ் டொக்டர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அல்டோஸ்டிரோன் மிகையானவர்கள் 124 பேர். சாதாரணப் பிரஷர்காரர்கள் 465 பேர். இரு தரப்புக்கும் வயதும் பிரஷரும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பக்கவாதம் கண்டவர்கள் முதல் தரப்பில் 12.9 வீதம், மற்றதில் 3.4 வீதம். பிரஷர் ஒரே அளவில் இருக்க, பாதிப்பு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விடை நாடிச் சுவரில் இருக்கிறது. அல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. நாடிச் சுவரின் கலங்களிலும் அதை ஏற்கும் வாங்கிகள் உண்டு. சுவரின் உட்படலம் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவைச் சுரந்து நாடியைத் தளர்த்தி வைக்கும். அல்டோஸ்டிரோன் மிகுந்தால் அந்தச் சுரப்பு குறைகிறது, சுவரில் அழற்சி தொற்றிக்கொள்கிறது. தசைக் கலங்கள் பருக்கின்றன, அவற்றுக்கிடையே கொலாஜன் நார் படிகிறது. சிறு நாடிகளில் சுவர் தடித்து வழி ஒடுங்கும். பெருநாடி விறைத்துப் போகும். விறைத்த நாடி இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் தாங்கிக்கொள்ளாமல் அப்படியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அனுப்பிவிடும். கிளினிக் கொப்பியில் 130 என்று எழுதியிருந்தாலும் சுவருக்குள் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று. எலிகளில் பார்த்தபோது, உப்பும் சேர்ந்தால்தான் அல்டோஸ்டிரோன் இந்தச் சேதத்தைப் பெரிதாகச் செய்கிறது. உப்பைக் குறைத்த எலிகள் பெரும்பாலும் தப்பின. உலக சுகாதார நிறுவனம் நமக்கு விதித்த எல்லை நாளைக்கு 5 கிராம். சம்பல் அரைப்பவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. என்னால் கண்டி வரை வந்து சண்டை போட முடியாது.

கேள்வி: என் பொட்டாசியம் நோர்மல். நான் தப்பித்தேன்தானே?
– அலவத்துகொடை வாசகி

பதில்: இல்லை. அல்டோஸ்டிரோன் மிகையானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொட்டாசியம் நோர்மல்தான்.

கேள்வி: அட்ரீனலின்தான் பெரிய வில்லன் என்று படித்தேனே?
– மாணவர், கட்டுகஸ்தோட்டை

பதில்: அது சத்தம் போடுகிற வில்லன். சுரப்பியின் நடுப்பகுதியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி அட்ரீனலினையும் நோர்அட்ரீனலினையும் விட்டு விட்டுக் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் திடீரென்று சேர்ந்து வரும்; நாடிகள் இறுகி, பிரஷர் எகிறும். அரிது, பிரஷர்காரர்கள் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இராது. பரீட்சைக்கு முதல் நாள் உங்களுக்கு வரும் படபடப்பு அந்தக் கட்டி அல்ல, படிக்காததன் விளைவு.

கேள்வி: பள்ளியில் பாங்கு சொல்பவன் நான். தொண்டைக்காகத் தினமும் அதிமதுரம் மெல்கிறேன். மூலிகைதானே, பிரஷருக்குப் பரவாயில்லையா?
– மாத்தளை வாசகர்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அட்ரீனல் சுரப்பியின் இன்னொரு ஹோர்மோன் கோர்ட்டிசோல். அது அல்டோஸ்டிரோனின் இடத்தில் போய் உட்காராதபடி சிறுநீரகத்தில் ஒரு நொதியம் தடுக்கிறது. அதிமதுரம் அந்த நொதியத்தை முடக்கிவிடும். கோர்ட்டிசோல் போய் உட்கார்ந்துகொள்ளும். உப்பு தங்கும், பொட்டாசியம் போகும், பிரஷர் ஏறும். கட்டி எதுவும் இல்லாமலேயே கட்டி இருப்பவரின் நிலை. தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள். சுபஹுக்கு உங்கள் குரல் கொஞ்சம் கரகரத்தாலும் ஊர் எழும்பும்.

கேள்வி: அல்டோஸ்டிரோன் மிகையைக் கண்டுபிடிக்க என்ன சோதனை? எங்கே போவது?
– அக்குறணை வாசகர்

பதில்: இரத்தத்தில் அல்டோஸ்டிரோனையும், சிறுநீரகம் சுரக்கும் ரெனினையும் அளந்து விகிதம் பார்ப்பார்கள். அமெரிக்காவின் எண்டோகிரைன் சங்கம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டல் பிரஷர் உள்ள எல்லோருக்கும் இதைப் பார்க்கச் சொல்கிறது. முதலில் உங்கள் கிளினிக் டொக்டரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலையின் ஹோர்மோன் நிபுணரிடம் அனுப்புவார். சில பிரஷர் குளிசைகள் விடையைக் குழப்பும். அதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: ஒரு பக்கச் சுரப்பியை எடுத்துவிட்டால் குளிசைக்கு முற்றாக ஸலாம் சொல்லலாமா?
– கம்பளை வாசகர்

பதில்: சிலர் சொல்லலாம். 2017இல் பல நாட்டு டொக்டர்கள் சேர்ந்து, அப்படிச் சுரப்பியை எடுத்த 705 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். ஹோர்மோன் 94 வீதமானோருக்குச் சரியானது. குளிசையே இல்லாமல் பிரஷர் சரியானவர்கள் 37 வீதம். பெண்களும் வயது குறைந்தவர்களும் அதில் முன்னுக்கு நிற்கிறார்கள். பல வருடம் தடித்துக் கிடந்த நாடிச் சுவர் ஒரு சத்திரசிகிச்சையோடு பழைய நிலைக்கு வந்துவிடாது. விறைப்பு ஓரளவு குறையும்.

கேள்வி: எனக்கு இரண்டு பக்கமும் கோளாறாம். ஸ்பைரோனோலக்டோன் தந்தார்கள். மார்பு வீங்கி வலிக்கிறது. வெட்கத்தில் நிறுத்திவிட்டேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: பெயர் போடவில்லை, பயப்பட வேண்டாம். அல்டோஸ்டிரோனின் வாங்கியை அடைக்கும் அந்தக் குளிசை ஆண் ஹோர்மோனின் வாங்கியையும் கொஞ்சம் அடைத்துவிடும்; வீக்கத்துக்குக் காரணம் அதுதான். அளவைக் குறைக்கலாம், அல்லது இந்தத் தொல்லை குறைவான எப்ளெரெனோனுக்கு மாற்றலாம். டொக்டருக்கு இது புதுக் கதையே அல்ல. நாளைக் காலையே போய்ச் சொல்லுங்கள், கொப்பியையும் கொண்டுபோங்கள்.