ஆஸ்திரேலியக் கடிதம்: பழுதும் பாம்பும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கே, மரம்பிட்ஜி ஆற்றுப் பாசனத்தில் விளையும் கிரிஃபித், லீட்டன் வட்டாரங்களில் பாம்புக் காலம் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் அடங்கும். திராட்சை பறிப்பு அந்தக் காலத்தின் பின்பாதியில் விழுகிறது. ஆக, தோட்டங்கள் கூலிக்கு ஆள் தேடும் மாதங்களும் பாம்பு வெயில் காயும் மாதங்களும் ஒன்றே. வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரத்தில் இந்த இரண்டு செய்திகளில் ஒன்றுதான் இருக்கும்.

ஊரிலிருந்து வருபவர் தலைக்குள் ஏற்கெனவே நான்கு பாம்புகளோடுதான் விமானம் ஏறுகிறார்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் பின்னிரண்டையும் சுங்கச் சோதனையிலேயே விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் விரியன் குடும்பமே கிடையாது (கட்டுவிரியன் பெயரளவில்தான் விரியன்). இங்கே தரையில் ஊர்ந்து ஆளைக் கொல்லக்கூடியவை அத்தனையும் நல்ல பாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் பங்காளிகள். ‘டெத் ஆடர்’ என்று ஒன்று குட்டையாக, தடிப்பாக, பார்வைக்கு அசல் விரியனாகவே கிடக்கும், அதுவும் பங்காளிதான். ஆள் வந்தால் விலகாமல் சருகுக்குள் அப்படியே கிடப்பது அதன் வழக்கம்.

இந்த வட்டாரத்தில் முக்கியமானவை இரண்டு. நெல் வயல் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் தவளை தேடித் திரிவது சிவப்பு வயிற்றுக் கறுப்புப் பாம்பு. நெல்லைக் கண்டதும் ஊர் நினைவு வந்து வரப்பில் இறங்கி நடப்பவருக்கு முதலில் அறிமுகமாவது இதுதான். பளபளப்பான கறுப்பு, கடித்தால் ஆளைப் படுக்கவைக்கும், ஆனால் உயிரைக் கொண்டுபோவது மிக அரிது. மற்றொன்று ‘ஈஸ்டர்ன் பிரவுன்’ எனப்படும் பழுப்புப் பாம்பு. ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். பகலில் நடமாடும், வேகமாக ஓடும், எலியைத் தின்னும். நாட்டில் பாம்புக்கடியால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு இதன் கணக்கு. வெள்ளைக்காரர் கோதுமையைக் கொண்டுவந்தார். கோதுமையோடு சுண்டெலி வந்தது. எலிக்குப் பின்னாலேயே தானியக் கொட்டகைக்குள் பழுப்புப் பாம்பு குடிபுகுந்தது. குடியேறியவர்களால் லாபம் அடைந்த உள்ளூர்வாசிகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

உள்ளூர்க்காரர்கள் பாம்பைப் பாம்பென்று சொல்லாமல் ‘ஜோ பிளேக்’ என்று பெயர் வைத்துக் கூப்பிடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் பாம்புக்கான சொல்லோடு எதுகை சேர்வதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு நியாயம் கிடையாது. இருட்டியபின் ‘பாம்பு’ என்று சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொல்லி வளர்ந்தவருக்கு இது புரியாத வழக்கமல்ல. ஆனால் பூச்சி என்ற சொல் தொலைபேசியில் வேறு வேலை செய்கிறது. கோடையில் இங்கே இரவு ஒன்பது மணி என்றால் ஊரில் பிற்பகல் மூன்றரை. பட்டப்பகலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாய், மகனின் இரவை மதித்து, “அங்கே பூச்சி பொட்டு உண்டாப்பா?” என்று கேட்பார். “நிறைய இருக்கும்மா, வாயைத் திறந்தா உள்ளே போயிடுது” என்று மகன் ஈக்களைப் பற்றி உண்மையைச் சொல்வார். மறுநாள் நாகாத்தம்மன் புற்றுக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் போகும்.

தோட்டத்தில் பாம்பு இருக்கும் இடங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: மனிதன் பார்க்காமல் கை விடும் இடங்கள் அவை. தரையில் கிடக்கும் தகரம் முதலாவது. காலை வெயிலில் தகரம் சூடேறும், அடியில் எலி இருக்கும். பாம்புக்கு வீடும் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் வாடகை வீடு தேடும் புதியவரைவிட நல்ல நிலை. அடுத்தது பாசன வால்வைப் புதைத்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டி. மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் திருக வேண்டும். ஈரமும் நிழலும் இருப்பதால் தவளையும் அங்கே இருக்கும், தவளையைத் தேடி வந்ததும் இருக்கும். பறவைக்குப் போடும் வலையைச் சுருட்டி வைத்த மூட்டையில் பாம்பு சிக்கிக் கிடப்பது சாதாரணம். வைக்கோல் கட்டு, அடுக்கிய பழப்பெட்டி, பம்ப் கொட்டகை, வாசலில் கழற்றிவிட்ட பூட்ஸ் எல்லாம் இதே கணக்கில் சேரும்.

இவற்றையெல்லாம்விட மனத்தை அலைக்கழிப்பது சொட்டுநீர்க் குழாய். மரவரிசை ஒவ்வொன்றிலும் கறுப்புப் பாலி பைப் ஓடுகிறது. வெயிலில் நெளிகிறது, வளைவில் சுருள்கிறது, தண்ணீர் திறந்துவிட்டால் சீறவும் செய்கிறது. பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதென்று தாண்டவும் முடியாது என்று ஊரில் சொல்வது கயிற்றைப் பற்றி. இங்கே கயிற்றின் இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் குழாய். வேதாந்தத்தில் கயிற்றைப் பாம்பென்று மயங்கியவர் விளக்கைக் கொண்டுவந்ததும் தெளிந்துவிடுவார். தோட்டத்தில் சிக்கல் நேர்மாறானது: முதல் வாரம் எல்லாக் குழாயும் பாம்பு, மூன்றாவது வாரம் எல்லாப் பாம்பும் குழாய். ஆபத்து மூன்றாவது வாரத்தில்தான். குழாயின் வயிறு சிவப்பாக இருக்காது என்பது நம்பகமான அடையாளம் என்றாலும், அதைச் சரிபார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது.

பாம்பென்று பதறவைக்கும் இன்னொன்று நீலநாக்குப் பல்லி. கொழுத்த உடல், சின்னக் கால்கள். புல்லுக்குள் தலை மட்டும் தெரிந்தால் யாரும் ஏமாறுவார்கள். வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டி மிரட்டும், அத்துடன் சரி. இது அரணை இனம். அரணை கடித்தால் மரணம் என்று கேட்டு வளர்ந்தவரிடம் அது சாது என்று சொன்னால் நம்பச் சில மாதங்கள் ஆகும். உள்ளூர்க்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. கோவானா எனப்படும் பெரிய உடும்பு கடித்தால் ஆண்டுதோறும் அதே நாளில் புண் திரும்ப வெடிக்கும் என்று இங்கே கதை உண்டு. பாம்போடு சண்டை போட்ட கோவானா ஓடிப்போய் ஏதோ ஒரு செடியைத் தின்று விஷத்தை முறித்துக்கொண்டு திரும்பி வரும் என்றும் உண்டு. கீரியை எடுத்துவிட்டு உடும்பைப் போட்டால் ஊர்க் கதையேதான்.

பாம்பை நேரில் கண்டால் செய்ய வேண்டியதை வேலையில் சேரும் முதல் நாளே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்: ஒன்றும் செய்யக் கூடாது. நிற்க வேண்டும், அது போகும்வரை நிற்க வேண்டும், அல்லது மெதுவாகப் பின்வாங்க வேண்டும். இங்கே வரும் தமிழருக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. ஊரில் பாம்பு தெரு முழுவதற்கும் பொதுவான நிகழ்ச்சி. முதலில் ஒரு சத்தம், பிறகு தடி, பிறகு கூட்டம், கூட்டத்தில் தாத்தா காலத்துப் பாம்பின் நீளம் பற்றி ஒரு விவாதம், கடைசியில் பால் ஊற்றி அடக்கம். இங்கே வரிசைக்கு ஒருவர் என்று தனித்தனியே பறிப்பவர்கள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பதில்லை. தடியும் கூடாது, இந்நாட்டுப் பாம்புகள் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை, நியூ சவுத் வேல்ஸில் 2016ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் கொல்வது குற்றம். பாம்பு குடியுரிமை பெற்றது, அடிக்கப் போகிறவர் தற்காலிக விசாவில் இருப்பவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தடி தானாகக் கீழே இறங்கும். வீட்டுக்குள் வந்துவிட்டால் உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழைக்கலாம்; அவர் வந்து பிடித்துப் பக்கத்துப் புதரில் கொண்டுபோய் விடுவார், கட்டணம் வாங்குவார்.

சட்டத்தை விட்டாலும், நிற்கச் சொல்வதில் கணக்கு இருக்கிறது. கடிபட்டவர்களில் கணிசமானோர் பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போனவர்கள். பழுப்புப் பாம்பு தலையைத் தூக்கி, கழுத்தை ‘எஸ்’ வடிவில் வளைத்து நிற்பது ‘வழியை விடு’ என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. பாம்புக்குக் காது கேட்காது என்பதும் முழு உண்மையல்ல. 2023இல் வெளியான குவீன்ஸ்லாந்துப் பரிசோதனை ஒன்றில் பாம்புகளுக்கு ஒலியைக் கேட்கவைத்தபோது, பழுப்புப் பாம்பும் டைப்பன் என்ற இன்னொரு விஷப் பாம்பும் சத்தத்திலிருந்து விலகிப் போயின. மகுடிக்கு ஆடும் திரைப்படப் பாம்புகளோடு இவற்றை ஒப்பிடக் கூடாது.

தடித்த ஜீன்ஸ், கணுக்காலை மூடும் பூட்ஸ் இரண்டும் மலிவான காப்பு. பழுப்புப் பாம்பின் நச்சுப்பல் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான். கொல்லும் விஷத்தை அவ்வளவு சிறிய ஊசியில் வைத்திருப்பது இயற்கையின் கருணை என்பதா, கஞ்சத்தனம் என்பதா என்று தெரியவில்லை. வெறுங்காலோடு வரப்பில் நடந்தவருக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் போதும்.

இத்தனைக்கும் பிறகு கடித்துவிட்டால் செய்ய வேண்டியதும் அதே ‘ஒன்றும் செய்யாமை’தான், இன்னும் கண்டிப்பாக. நடக்கக் கூடாது. கடிவாயைக் கழுவக் கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கயிறு இறுக்கக் கூடாது. வேப்பிலை கசக்கிறதா என்று மென்று பார்ப்பதும் பயனில்லை. சட்டையைக் கழற்றுவதுகூட வேண்டாம். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜைக் கடிவாயில் தொடங்கி, பின் விரல்களிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் அழுத்திச் சுற்றி, கட்டை வைத்து அசையாமல் கட்டி, கடிபட்ட இடத்தைப் பேனாவால் குறித்து, 000 எண்ணை அழைத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். கடைகளில் விற்கும் பாம்புக்கடி பேண்டேஜில் நீள்சதுரங்கள் அச்சிட்டிருக்கும்; சரியான அளவு இழுத்தால் அவை சதுரமாகும். பள்ளியில் வடிவியலால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கான பதில் அங்கே இருக்கிறது.

இந்த முறையை 1970களின் இறுதியில் வகுத்தவர் மெல்போர்ன் ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லாண்ட். விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகப் பரவுகிறது. தசை அசைந்தால்தான் நிணநீர் ஓடும். ஆகவே அழுத்தம், அசையாமை. இது இங்கத்திய பாம்புகளுக்கான மருத்துவம். கடித்த இடத்திலேயே சதையை அழிக்கும் ஊர் விரியன்களுக்கு இப்படி அழுத்திக் கட்டுவது கேடாகலாம். அங்கே கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே முறை. சதர்லாண்டுக்கு முந்தைய ஆஸ்திரேலியாவிலும் கடிவாயைக் கீறினார்கள், வயிறு நிறைய பிராந்தி ஊற்றினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்டிக்காய் விஷமான ஸ்ட்ரிக்னினை ஊசியாகவே போட்டார்கள். பாம்பிடம் தப்பியவர் வைத்தியரிடமும் தப்ப வேண்டியிருந்தது.

விஷமுறிவு மருந்தின் வரலாற்றில் ஒரு பெயரைக் கேலியில்லாமல் சொல்ல வேண்டும். டைப்பன் கடிக்கு மருந்தே இல்லாத 1950இல், மருந்து செய்வதற்காக ஒரு டைப்பனை உயிரோடு பிடித்தார் கெவின் பட்டன் என்ற இருபது வயது இளைஞர். கெய்ர்ன்ஸ் நகரில் அதைப் பைக்குள் போடும்போது அது கடித்தது, மறுநாள் இறந்தார். அந்தப் பாம்பு மெல்போர்னுக்குப் போய்ச் சேர்ந்தது, அதிலிருந்து விஷம் எடுக்கப்பட்டது. 1955இல் மருந்து வந்தது. இன்று இங்கே விஷம் எடுக்கும் இடம் சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்கா; ஊரில் அதே வேலையை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் செய்கிறது. தமிழர் பலர் வெளிநாட்டில் பாம்பைக் கண்டு ஓட, பாம்பைப் பிடிக்கவே வெளிநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்களும் உண்டு: 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்ச் சதுப்பு நிலத்து மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இந்தியாவில் நான்கு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. இங்கே பழுப்புக்கு ஒன்று, டைகர் பாம்புக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, டெத் ஆடருக்கு ஒன்று, டைப்பனுக்கு ஒன்று, எதுவென்று தெரியாதபோது எல்லாம் கலந்த ஒன்று. கடிவாயைக் கழுவாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். தோலில் ஒட்டிய விஷத்தைத் துடைத்துச் சோதித்தால் எந்த வகை மருந்து வேண்டும் என்பதற்குத் துப்பு கிடைக்கலாம். ஊர் மருந்து இங்கே செல்லாது, இங்கத்திய மருந்து அங்கே செல்லாது, ஊர்ப் பட்டப்படிப்புகள் பலவற்றைப்போல. பழுப்பின் விஷம் இரத்தத்தின் உறையும் சக்தியைத் தீர்த்துவிடும். சிலர் கடித்த சில நிமிடங்களிலேயே சுருண்டு விழுவார்கள். வேறு பலருக்குக் கடித்தும் விஷம் இறங்கியிருக்காது. எந்த ரகம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மருத்துவமனையில் 12 மணி நேரம் படுக்கவைத்து மீண்டும் மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் செய்யாதிருத்தலின் கடைசிக் கட்டம் இது.

ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேர் பாம்புக்கடி என்று மருத்துவம் பார்த்துக்கொள்கிறார்கள். இறப்பவர் சராசரியாக இருவர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. “பாம்பு நாட்டுக்குப் போயிருக்கிறான்” என்று மகனுக்காகக் கவலைப்படும் தாய், அந்தக் கவலையோடு இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்துப் பக்கம் போய்வருகிறார். மகன் அனுப்பிய டார்ச் புத்தம் புதிதாக அலமாரியில் இருக்கிறது.

மே மாதத்தில் குளிர் இறங்கியதும் பாம்புகள் வளைகளிலும் கட்டைகளுக்கு அடியிலும் ஒடுங்குகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து நடக்கும். இலையெல்லாம் உதிர்ந்து, தோட்டத்தில் கம்பியும் குழாயும் மட்டும் தெளிவாகத் தெரியும். வெயிலடிக்கும் நாளில் தகரம் ஏதாவது தூக்கும்போது அடியில் ஒன்று சுருண்டு கிடக்கலாம். தகரத்தை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வேறு வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும்.